கைபேசி எண்ணுக்கான கட்டம்

ஜூலை 9

வருடத்தின் பாதியில் டைரி எழுதத் தொடங்கும் புத்தி எனக்குத்தான் வரும். வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் 'துணைக்கை' அமைப்பில் சேர்ந்திருக்கிறேன். அங்கே சொல்லிவிட்டார்கள், ஒவ்வொரு வழிகாட்டியும் தன்னிடம் படிக்கிற பிள்ளையைப் பற்றிக் குறிப்பு எழுதி வைக்க வேண்டுமாம். வழிகாட்டி! இருபத்தொரு வருடம் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தியவளுக்கு இன்றைக்குத்தான் ஒரு பதவி உயர்வு.

ஈரோடு கருங்கல்பாளையத்தில் ஒரு பள்ளி வகுப்பறை. ஞாயிறுதோறும் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. வேலைக்குப் போகிற நாங்கள் பன்னிரண்டு பேர், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் பன்னிரண்டு பேர். சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பிள்ளை. எனக்கு யுவராணி வந்தாள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் பள்ளிபாளையத்துக்காரி. பெயரில் இருக்கிற ராணி ஆளில் இல்லை. செருப்பு வார் ஊக்கில் நிற்கிறது. ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். எனக்கு அது பிடித்தது.

"உங்கள எப்படிங்க கூப்புடறது? மிஸ்ஸுங்களா, மேடமுங்களா?"

"நான் என்ன உனக்கு ஆபீசரா? அக்கான்னு கூப்புடு."

"சரிங்கக்கா."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். டிவியைப் பார்த்துக்கொண்டே, "நல்லதுதான் கோகிலா. ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டு ரிமோட்டைத் தேடினார். ரிமோட் அவர் கையிலேயேதான் இருந்தது. நான் பயறு ஊறப்போடப் போனேன்.

ஜூலை 18

அலுவலகத்தில் இன்று பெரிய ரகளை. தபால்காரர் வெங்கிடுசாமி ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதத்தை 'ஆளில்லை' என்று எழுதித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். விசாரித்தால், மாடி ஏறச் சோம்பல். அந்தப் பையன் கவுண்டருக்கு வந்து நின்றபோது தேர்வு முடிந்து இரண்டு நாளாகிவிட்டது. வெங்கிடுசாமியை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். "உங்களுக்கு அது ஒரு கவர். அவனுக்கு அது பொழப்பு" என்றேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் என் மேசையில் ஒரு கடிதம் ஒரு ராத்திரி தங்கியதில்லை. இதை நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 20

யுவா: இயற்பியல் முப்பத்தொன்று. திட்டினேன். பிறகு மனசு கேட்காமல் பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 17

துணைக்கை ஆண்டு விழா. போன வருடத்துப் பிள்ளைகள் யார் யாருக்கு எங்கே இடம் கிடைத்தது என்று மேடையில் பட்டியல் வாசிக்கிறார்கள். பொறியியலும் மருத்துவமும் மட்டும்தான் பட்டியலில் வரும். மற்றவர்களை 'மேலும் ஐந்து பேர் வெவ்வேறு படிப்புகளில்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். பட்டியலில் வந்த பிள்ளைகளின் வழிகாட்டிகளுக்குச் சால்வை.

மருந்துக்கடை தண்டபாணிக்கு இரண்டாவது முறையாகச் சால்வை. இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அதை மடியில் மடித்து வைத்து மூன்று தரம் நீவினார். "அடுத்த வருசம் உங்குளுதுங்க மேடம்" என்றார். நான் சும்மா சிரித்து வைத்தேன். சால்வைக்கு ஆசைப்படுகிற வயதா எனக்கு?

அக்டோபர் 8

யுவா மூன்று ஞாயிறு வரவில்லை. பள்ளிபாளையத்துக்கு பஸ் ஏறிப் போய்விட்டேன். தறிச்சத்தம் தெரு முழுக்க. ஒற்றை அறை வீடு. அப்பா மாரப்பன் விசைத்தறியில் வேலை செய்தவர், இரண்டு வருடத்துக்கு முன்னால் முழங்காலுக்குக் கீழே அடிபட்டுப் புண் ஆறவே இல்லை, சர்க்கரை வேறு. அம்மா பழனாள் நூல் மில்லில் ஷிப்ட்.

நான் போன நேரம் யுவா அப்பாவின் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். நான் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன். அவளோ தக்காளி நறுக்குகிற மாதிரி சாதாரணமாக, பழைய துணியை எடுத்து, கழுவி, மருந்து வைத்து, புதுத் துணியைச் சுற்றினாள். ஒரு மடிப்பு கூடுதல் இல்லை. அப்பா ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. "ஆஸ்பத்திரில நர்சம்மா கட்டுனாக்கூட இப்புடி வராதுங்க அம்மிணி" என்றார்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கை ஒரு கோடு போட்டால் எப்படி நேராக இருக்கும்! இயந்திரப் பொறியியலில் வரைபடம் வரைய இப்படி ஒரு கைதானே வேண்டும். பாவம், புண் கழுவி வீணாகிறது.

டிசம்பர் 24

அரையாண்டில் இயற்பியல் அறுபத்தெட்டு! முப்பத்தொன்றிலிருந்து அறுபத்தெட்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்க அவள் பேனாவைப் பற்றிக் குறை சொன்னேன்.

அப்போது பார்த்து அவள் சொல்கிறாள், "அக்கா, நானு நர்சிங் படிக்கலாமுன்னு இருக்கறனுங்க."

"நர்சிங்கா? இவ்வளவு பாடுபட்டுப் படிக்கறது அதுக்கா?"

"எனக்கு அது புடிச்சிருக்குதுங்கக்கா. அப்பாவோட ஆஸ்பத்திரில இருந்தப்பவே தோணுச்சுங்க."

"புடிக்கறது வேற, முன்னேறறது வேற, கண்ணு. நான் சொன்னாக் கேளு."

"சரிங்கக்கா" என்றாள். ஆனால் அன்றைக்குப் பப்ஸைப் பாதியில் வைத்துவிட்டாள்.

மே 8

ஐந்நூற்றுப் பன்னிரண்டு! அறுநூறுக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு! கவுண்டரிலேயே கத்திவிட்டேன். வரிசையில் நின்ற பெரியவர் மணியார்டர் பாரத்தைக் கீழே போட்டுவிட்டார். சாயங்காலம் யுவாவும் அம்மாவும் ஒரு கிலோ மைசூர்பாக்கோடு வீட்டுக்கு வந்தார்கள். "அம்மிணி, பெத்தது நானு, ஆளாக்குனது நீங்கதானுங்க" என்று பழனாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு யாரும் ஒரு பிள்ளையின் மார்க்கைச் சொல்ல மிட்டாய் கொண்டுவந்ததில்லை. இவர்கூட டிவியை அணைத்தார்.

வழிகாட்டிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தண்டபாணி கைதட்டும் படம் அனுப்பினார். அவர் பிள்ளை நானூற்று எழுபது.

ஜூன் 3

விண்ணப்பம் நிரப்பும் நாள். பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம். பொறியியல் விண்ணப்பம் முடிந்ததும், "அக்கா, நர்சிங்குக்கும் ஒண்ணு போட்டு வெச்சிக்கட்டுங்களா? சும்மா..." என்றாள். அந்த 'சும்மா'வைச் சொல்லும்போது திரையைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. போட்டு வை என்றேன். தாராளமாகத்தான் சொன்னேன்.

கைபேசி எண் கட்டத்துக்கு வந்ததும் தயங்கினாள். வீட்டில் ஒரே போன்தான், அது அம்மாவிடம். மில்லில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். போன மாதம் ரீசார்ஜ் போடாமல் பத்து நாள் கிடந்தது. மெசேஜ் வந்து, பார்க்காமல் விட்டால் என்ன ஆவது?

"என் நம்பரையே போடு. என்கிட்ட வந்ததுன்னா உன்கிட்ட வந்த மாதிரி" என்றேன்.

இரண்டு விண்ணப்பத்திலும் என் எண்ணை அவளே தட்டினாள்.

ஜூலை 29

பொறியியல் முதல் சுற்றில் வரவில்லை. நாங்கள் போட்ட கல்லூரிகள் எல்லாம் பெரியவை. கீழே இறங்கிப் போடலாமா என்று கேட்டாள். வேண்டாம், இரண்டாம் சுற்றில் வரும் என்றேன். தண்டபாணியின் பிள்ளைக்கு முதல் சுற்றிலேயே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 2

காலை பதினொன்றே கால். கவுண்டரில் இருந்தபோது மெசேஜ். நர்சிங் கலந்தாய்வு. சேலத்தில் அரசு செவிலியர் கல்லூரி, இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 5ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் ஏற்க வேண்டும்.

பொறியியல் இரண்டாம் சுற்று முடிவு 6ஆம் தேதி.

ஒரே ஒரு நாள் வித்தியாசம். இப்போதே சொன்னால் ஓடிப்போய் ஏற்றுக்கொண்டுவிடுவாள், எனக்கு அவளைத் தெரியும். பதினேழு வயதுப் பெண், அப்பாவின் கால் புண்ணைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. கொஞ்சம் யோசித்துச் சொல்லலாம். இன்னும் மூன்று நாள் இருக்கிறதே.

கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறையில் எள் போட்டால் கீழே விழாது. முளைப்பாரி விட வந்தவர்கள், தாலிக்கயிறு மாற்ற வந்தவர்கள், தேங்காய் பொறுக்க வந்த பிள்ளைகள். படித்துறையில் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "அக்கா!"

யுவாவும் பழனாளும். யுவா தலையில் கதம்பம் வைத்திருந்தாள். கையில் இருந்த தேங்காய்த் துண்டில் பாதியை எனக்கு ஒடித்துக் கொடுத்தாள்.

"அக்கா, மெசேஜ் ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"இல்லையே கண்ணு."

"நர்சிங்குக்கு நேத்தைக்கே வருமுன்னு பக்கத்து வீட்டுப் புள்ள சொல்லுச்சுங்க."

"வந்தா நான் சொல்லமாட்டனா?"

"அதுக்கில்லீங்கக்கா" என்று உடனே சொன்னாள். கேட்டதற்கே வருத்தப்பட்ட மாதிரி. பழனாள் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "அக்காவப் போட்டுத் தொணதொணன்னு புடுங்காத. அவுங்களுக்குத் தெரியாததா?"

போன் என் தோள்பையில்தான் இருந்தது. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். தேங்காய் நல்ல முற்றல், மெல்ல நேரமாயிற்று.

ஆகஸ்ட் 4

நாளை காலை சொல்லிவிடலாம். பிரிட்ஜைத் துடைத்தேன், பரண் முழுக்க ஒழித்தேன்.

ஆகஸ்ட் 5

ஞாயிறு வகுப்புக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தலை உண்மையிலேயே வலித்தது. நாலு மணிக்குப் போனை எடுத்தேன். பழனாள் எண்ணைத் தேடி எடுத்தேன். நாலே முக்காலுக்கு இவர் காபி கேட்டார். போட்டேன். டிகாக்ஷன் இறங்கி முடிந்தபோது கடிகாரம் ஐந்தைத் தாண்டிவிட்டது.

அவள் நல்லதுக்குத்தான்.

ஆகஸ்ட் 6

கிடைத்துவிட்டது! கோயம்புத்தூரில் அரசு பொறியியல் கல்லூரி, இயந்திரவியல்! பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா! ஒருவேளை கிடைக்காமல் போயிருந்தால் என்று நேற்று ராத்திரி எத்தனை தரம் எழுந்து உட்கார்ந்தேன், யாருக்குத் தெரியும்? மதியமே ஆட்டோ பிடித்துப் பள்ளிபாளையம் போனேன்.

தெருவே கூடிவிட்டது. யுவா சிரித்தாள். மாரப்பன் கட்டிலிலிருந்தபடியே கும்பிட்டார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டாள், "நர்சிங் வரவே இல்லீங்களாக்கா?"

"வரல கண்ணு."

"செரிங்கக்கா. எனக்குக் கொடுப்பினை அவ்ளோதான்" என்றாள்.

செப்டம்பர் 16

சால்வை பச்சை நிறம், மெரூன் கரை. "தறிக்காரர் மகள் இயந்திரப் பொறியாளர் ஆகப்போகிறாள்" என்று மேடையில் சொன்னபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தண்டபாணியும் எழுந்தார். வீட்டுக்கு வந்து சால்வையைப் பீரோவில் கீழ்த்தட்டில் வைத்தேன். ஏனோ நீவத் தோன்றவில்லை.

பிப்ரவரி 11

யுவா ஹாஸ்டலிலிருந்து பேசினாள். முதல் பருவத்தில் நாலு தாளில் அரியர். "புஸ்தகத்தத் தொறந்தாலே நெஞ்சு அடைக்குதுங்கக்கா. லேத்துச் சத்தங் கேட்டா அப்பா கால் மாட்டுன தறிதான் நெனப்பு வருதுங்க." எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றேன். வேறென்ன சொல்வது? "நீங்க சொன்னாச் சரிங்கக்கா" என்றாள். போனை வைத்த பிறகும் அந்தச் 'சரிங்கக்கா' காதிலேயே இருக்கிறது.

ஜூன் 24

இன்று பழனாள் என் கவுண்டருக்கு வந்தாள். வரிசையில் நின்று, முறை வரும்வரை காத்திருந்து வந்தாள்.

"புள்ள படிப்ப நிறுத்திப்போட்டாளுங்க அம்மிணி. ஒரு வாரமா என்கூட மில்லுக்கு வர்றா. உங்ககிட்டச் சொல்ல அவளுக்கு மூஞ்சி இல்லீங்க. நீங்க அவ்ளோ பாடுபட்டீங்க, பாழாக்கிட்டேன்னு அழுவறா. நீங்க அவளக் கோவிச்சுக்கப்படாதுங்க. அதச் சொல்லத்தான் வந்தனுங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்க அரை நாள் சம்பளத்தை விட்டு வந்திருக்கிறாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னால் நின்றவர், "மேடம், ஸ்பீடு போஸ்ட்டுங்க, கொஞ்சம் சீக்கிரம்" என்றார். நான் அந்தக் கவரை வாங்கி எடை போட்டேன். அவர்மேல் பழி போட முடியாது. அவர் இல்லாவிட்டாலும் நான் கவரைத்தான் தேடியிருப்பேன்.

வெங்கிடுசாமி சாயங்காலம் பை கட்டிக்கொண்டிருந்தார். இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். அவரிடம் போய், அன்றைக்கு அந்த நேர்முகத் தேர்வுக் கடிதத்துக்காக அவ்வளவு திட்டியிருக்கக் கூடாது என்றேன். "எந்தக் கடுதாசிங்க மேடம்?" என்று கேட்டார். அவருக்கு நினைவே இல்லை.

ஜனவரி 15 (புது டைரி)

பொங்கலுக்கு யுவாவிடமிருந்து மெசேஜ். சொந்தமாக போன் வாங்கிவிட்டாள் போலிருக்கிறது. 'இனிய பொங்கல் வாழ்த்துக்கள் அக்கா. இந்த வருசம் மறுபடி நர்சிங்குக்குப் போடப்போறேன். நானே பண்ணிக்கறேன்.'

ஆகஸ்ட் 19

யுவாவுக்கு நர்சிங் கிடைத்துவிட்டதாம். சேலம் இல்லை, ராமநாதபுரம் பக்கம். அப்பாவைப் பார்க்க மாதம் ஒருமுறை வர முடிந்தாலே பெரிது. ஆனாலும் கிடைத்ததே! மனசு லேசாக இருக்கிறது. இரண்டு வருடம் ஒன்றும் பெரிய காலம் இல்லை. மெசேஜில் 'உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது மேடம்' என்று எழுதியிருக்கிறாள். இப்போதெல்லாம் மேடம் என்கிறாள். படிக்கப் போகிற பெண், மரியாதை கூடியிருக்கிறது.

மே 19

நான்கு வருடத்துக்கு மேலாக டைரியைத் தொடவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்று இவரிடம் சொல்லியிருந்தேன். இன்றைக்கு எழுதியாக வேண்டும்.

துணைக்கையில் விண்ணப்பம் நிரப்பும் முகாம். கூட்டம் அதிகம், பழைய வழிகாட்டிகளையும் வரச்சொல்லியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பார்த்தேன். மூன்றாவது மேசையில் யுவராணி. படிப்பை முடித்து, ஈரோட்டிலேயே ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, இந்த வருடம் வழிகாட்டியாக வந்திருக்கிறாள். நகம் ஒட்ட வெட்டிய கை, கைக்கடிகாரம். எழுந்து நின்று, "வாங்க மேடம். சார் சௌக்கியமுங்களா?" என்றாள். அவள் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டாள்.

அவளுக்கு வந்த பிள்ளை பெயர் சுகந்தி. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் குடும்பம். என்ன படிக்க ஆசை என்று யுவா கேட்டாள். "சமையல் படிப்புங்கக்கா, ஓட்டல்ல வேல பாக்கற மாதிரி" என்றது பிள்ளை. நான் வாயைத் திறக்கப்போனேன். மூடிக்கொண்டேன். யுவா, "எந்த ஊரு காலேஜுங்கறத மட்டும் பாக்கலாம் கண்ணு" என்று அதையே முதலில் போட்டாள்.

கைபேசி எண் கட்டம் வந்தது. பிள்ளை தயங்கியது.

"எங்கம்மா போனு பாதி நாளு சார்ஜே இருக்காதுங்கக்கா. உங்க நம்பரப் போட்டுக்கட்டுங்களா? இல்லாட்டி இந்த மேடத்தோடத?"

யுவா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கட்டுத் துணியை எடுத்துவிட்டுப் புண்ணைப் பார்க்கிற பார்வை. பிறகு பிள்ளையிடம் திரும்பினாள்.

"வேண்டாங்கண்ணு. உங்கம்மா நம்பரையே போடு. சார்ஜர் நானு வாங்கித் தர்றேன். தெனமும் சாயங்காலம் நீயே தொறந்து பாக்கோணும். உனக்கு வர்றது உன்கிட்டத்தான் வரோணும். அடுத்தவங்க எவ்ளோ நல்லவங்களா இருந்தாலுஞ் செரி."

பிள்ளை எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது யுவா என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். "ரெண்டாவது வாட்டி போடறப்ப, என்னோட பழைய விண்ணப்ப நம்பர அடிச்சுப் பாத்தனுங்க மேடம். 'இடம் ஒதுக்கப்பட்டது, ஏற்கவில்லை'ன்னு தேதியோட இருந்துச்சுங்க."

"யுவா..."

"எங்கம்மாவுக்குச் சொல்லலீங்க. இன்னமும் பூசைக்கு வெக்கறப்ப உங்களுக்குன்னு ஒரு பழம் எடுத்து வெக்கறாங்க. அது அப்புடியே இருக்கட்டுமுங்க."

"நல்லதுக்குத்தான்னு நெனச்சேன்..." என்றேன். எத்தனை கேவலமான வார்த்தை. மன்னித்துவிடு என்பதுதான் வந்திருக்க வேண்டும், இதுதான் வந்தது.

"தெரியுமுங்க. பிசிக்ஸ் நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. அதையும் நானு மறக்கலீங்க மேடம்" என்றாள். பிறகு சுகந்தியின் விண்ணப்பத்தில் பிறந்த தேதியைச் சரிபார்க்கக் குனிந்தாள். ஒரு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்கும் ஒரு டீ வரவழைத்தாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "அந்தப் புள்ளய நம்ம புள்ளன்னு நெனச்சுட்ட கோகிலா" என்றார். ஆமாம், நினைத்துவிட்டேன். என் பிள்ளை, என் சால்வை, என் போன். அவள் அவளுக்குச் சொந்தம் என்று மட்டும் நினைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அந்த மெசேஜை நான் அழிக்கவில்லை. இரண்டு போன் மாற்றியபோதும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஏன் வைத்திருந்தேன் என்று இதுவரை என்னையே கேட்டுக்கொண்டதில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அதை எடுத்தேன். ஆகஸ்ட் 2, காலை 11.15. அப்படியே யுவாவுக்கு அனுப்பினேன். கூட எதுவும் எழுதவில்லை.

ஏழு நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

'கிடைச்சுதுங்க மேடம்.'